இரண்டாம் கிளாரினெட்டுக்கு ஓய்வு

ஆமாம் அம்மா, நீங்கள் வாசித்தது சரிதான். அழைப்பிதழில் இருப்பது இன்றைய தேதிதான். இன்று மாலை ஆறு மணிக்கு, சென்னையில். "மறைந்த இசையமைப்பாளர் ஸ்தேவான் பொன்னையாவின் இளமைக்கால பேண்டு இசை. சிறு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி அமைத்தவர் செல்வி வே. பாக்கியசீலி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை." அந்தப் பாக்கியசீலி நான்தான். சென்னையில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவள், செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போகும் பகல் வண்டியில் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதானே உங்கள் முகம் கேட்கிறது?

நாளை ஞாயிற்றுக்கிழமை. சாந்தபுரம் ஆலயத்தில் நான் ஆர்கன் வாசிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்று போதகர் சொன்னார். அவருடைய ஏற்பாடுகளை நான் அறிவேன். அது ஒரு காரணம். முழங்கால் வலி இன்னொன்று. முறுக்கு வேண்டாம் அம்மா, நன்றி. பல் இடம் கொடுக்காது.

நான் பேசுவது புத்தகம் வாசிப்பது போல் இருக்கிறதென்று நினைக்கிறீர்கள். நினைத்தால் தவறில்லை. முப்பத்தாறு ஆண்டு தமிழும் இசையும் கற்பித்தவள். வகுப்பில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று வைத்துக்கொள்ள எனக்கு வராது. வீட்டிலும் பேச ஆள் இல்லை என்பது வேறு செய்தி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் நான் சாந்தபுரம் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது ஒரு மரப்பெட்டி நிறைய வாத்தியங்களை விட்டுப் போயிருந்தார். மூன்று கிளாரினெட், கார்னெட் என்ற சிறு ஊதுகொம்பு இரண்டு, யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகொம்பு ஒன்று, ஒரு பெரிய முரசு, ஒரு சிறு முரசு. கணக்கு வாத்தியாராக வந்திருந்த ஸ்தேவான் சார் அந்தப் பெட்டியைத் திறந்து, ஆசிரியர்களைக் கொண்டே ஒரு பேண்டு அமைத்தார். முன்னால் நின்று கை காட்டி நடத்தும் சாரையும் சேர்த்து ஒன்பது பேர். ஒருவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. டிரில் மாஸ்டர் தாசையனுக்கு யூஃபோனியம். நெஞ்சு அகலமாக இருந்த ஒரே தகுதியில் கொடுத்தார். எனக்கு மேல்நாட்டு இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியும் என்பதால் இரண்டாம் கிளாரினெட். சேலை கட்டிக்கொண்டு கிளாரினெட் ஊதிய பெண் அந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான். ஆலயத்தின் அறுப்பின் பண்டிகைக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து வேடிக்கை பார்க்க வருவார்கள். வரட்டுமே.

இப்படிப்பட்டவர்களுக்கு வாசிக்கக் கடையில் விற்கும் இசை ஒத்துவராது என்று சாரே எழுதத் தொடங்கினார். மூன்று ஆண்டில் எட்டு உருப்படிகள். அவர் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தாள் பிரித்து எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. எழுபத்துமூன்றில் அவர் சென்னைக்குப் போனார், பெரிய இசையமைப்பாளர் ஆனார், திருமணம் செய்தார், போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு காலமானார். தாள்கள் என் அலமாரியில் இருந்தன. பேண்டு அவர் போன மாதமே கலைந்துவிட்டது.

ஒன்றை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை என்பதால் சொல்கிறேன். அந்த மூன்று ஆண்டில் எல்லோரும் பிழை செய்தார்கள். கார்னெட்காரர் பாதியில் நிறுத்திவிட்டு எச்சில் துடைப்பார். தாசையன் எந்நேரமும் அரை எண்ணிக்கை பிந்துவார். என் வாத்தியத்தில் மட்டும் ஒரு நாளும், ஒரு மேடையிலும் பிசிறு விழுந்தது கிடையாது. கிளாரினெட் பழகுபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

இந்தச் சித்திரையில் அவருடைய மகள் லீதியா எனக்கு எழுதினாள். அவள் சென்னையில் பதினான்கு பேர் கொண்ட ஒரு சிறு ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறாள். வயலின், தரையில் ஊன்றி வில்லால் இழுக்கும் செல்லோ, புல்லாங்குழல், இரண்டு கிளாரினெட். அப்பாவின் முதல் முயற்சிகள் உங்களிடம்தான் இருக்கின்றன, எங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தர முடியுமா ஆன்ட்டி என்று கேட்டிருந்தாள். முடியுமா என்று கேட்டிருக்க வேண்டாம். நாற்பது ஆண்டாக ஆலயப் பாடகர் குழுவுக்கு அதைத்தானே செய்துவருகிறேன். பித்தளைக்கு எழுதியதைத் தந்திக்கு மாற்றுவதென்றால், ஊதுகிறவனுக்கு மூச்சு வேண்டும், இழுக்கிறவனுக்கு வேண்டாம். அந்த வேறுபாட்டை அறிந்து செய்ய வேண்டும். யூஃபோனியத்தின் வேலையைச் செல்லோவுக்குக் கொடுத்தேன். கார்னெட்டைப் புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் பங்கிட்டேன். நான்கு மாதம், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. சொல்லப்போனால் நல்ல நான்கு மாதம். வீட்டில் ஏதோ ஆள் நடமாட்டம் இருப்பது போல.

வேலை செய்யும்போதுதான் அவருடைய இளமைக்காலத்து எழுத்தில் ஒரு குறை கண்ணில் பட்டது. இரண்டாம் கிளாரினெட் மெட்டோடு சேர்ந்து மேலே ஏறும். ஏறி, ஒரு குறிப்பிட்ட சுரத்தின் வாசலில் நின்றுவிடும். அங்கே இரண்டு எண்ணிக்கை ஓய்வு. அடுத்த சுரத்தை யூஃபோனியம் ஒரு ஸ்தாயி கீழே எடுத்துக்கொள்ளும். பிறகு கிளாரினெட் மறுபடி தாழ்ந்த சுரத்தில் சமர்த்தாகத் தொடங்கும். ஓரிடம் என்றால் விட்டுவிடலாம். எட்டு உருப்படியில் முப்பத்தோர் இடம். முதல் கிளாரினெட் தடையில்லாமல் ஏறுகிறது. இரண்டாவது மட்டும் நிற்கிறது. இரண்டாம் குரலை எப்படிக் கையாள்வது என்று அப்போது அவருக்குப் பிடிபடவில்லை என்று முடிவு செய்தேன்.

தாள் பிரித்து எழுதிய காலத்திலேயே அவரிடம் ஒரு முறை கேட்டிருக்கிறேன். "சார், இங்கே இரண்டு எண்ணிக்கை காலியாக இருக்கிறது, விட்டுப்போய்விட்டதா?" என்றேன். "இருக்கட்டும் டீச்சர், கொஞ்சம் மூச்சு விடட்டுமே" என்றார். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே முப்பத்தோர் இடத்தையும் நிரப்பினேன். மெட்டு முறிவில்லாமல் மேலே போயிற்று. செல்லோ தன் வேலையை மட்டும் பார்த்தது. இலக்கணப்படி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கட்டி, முத்திரை ஒட்டி அனுப்பினேன்.

ஒத்திகை தொடங்கிய முதல் வாரம் லீதியா தொலைபேசியில் பேசினாள். நல்ல பெண், மரியாதையாகவே பேசினாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். கேட்க அழகாக இருக்கிறதாம். ஆனால் அப்பா மாதிரி இல்லையாம். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "ரொம்ப சரியா இருக்கு ஆன்ட்டி, அதுதான்" என்கிறாள். சரியாக இருப்பது ஒரு குறையா? நீங்களே சொல்லுங்கள். மூலத்தில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டாள். மாற்றவில்லை, திருத்தினேன் என்றேன். 

எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. பேண்டில் இருந்த ஒன்பது பேரில் மிஞ்சியவர்கள் நானும் தாசையனும்தான். அவர் பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பத்துநான்கு வயது. மூலத்தில் இன்னின்ன இடம் குறையாக இருந்தது, திருத்தியது நியாயம் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் லீதியாவுக்கு எழுதிவிடலாம் என்று தாள்களை எடுத்துக்கொண்டு பேருந்தில் போனேன்.

மனிதர் நன்றாகத்தான் இருந்தார். காது மட்டும் கொஞ்சம் மந்தம். மருமகள் காப்பி கொடுத்தாள். நான் ஒவ்வோர் இடமாக விரலை வைத்துக் காட்டி விளக்கினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, சிரித்தார் அம்மா. உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"இதெ போயி ரொப்பிட்டீகளா? டீச்சர், இது உங்க இடம்லா?"

எனக்கு விளங்கவில்லை. விளக்கமாகச் சொல்லும்படி கேட்டேன்.

உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளாரினெட்டில் ஒரு பொல்லாத இடம் உண்டு. பிரேக் என்பார்கள். கீழ்ச் சுரங்களில் ஒவ்வொரு விரலாகத் திறந்துகொண்டே ஏறினால், ஓரிடத்தில் அநேகமாக எல்லா விரலும் திறந்துவிடும். அதற்கு அடுத்த சுரத்துக்குப் போக, திறந்த துளைகளை எல்லாம் ஒரே கணத்தில் மூடி, பின்னால் இருக்கும் விசையையும் கட்டை விரலால் அழுத்த வேண்டும். ஒரு விரல் நூலளவு பிந்தினாலும் வாத்து கத்துவது போல் ஒரு சத்தம் வரும். பழகுபவர்கள் எல்லோரும் அங்கே விழுவார்கள்.

தாசையன் சொன்னதைச் சொல்கிறேன். முதல் மாதத்தில் அந்த இடம் வந்தபோதெல்லாம் என் கிளாரினெட் கத்தியதாம். ஒரு நாள் பயிற்சியில் மூன்று முறை தொடர்ந்து கத்தியபோது யாரோ சிரித்துவிட்டார்களாம். நான் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு விடுதிக்குப் போய்விட்டேனாம். எனக்கு அப்படி ஒரு நினைவு இல்லை. தலைவலி என்று ஒரு நாள் சீக்கிரம் போனது நினைவிருக்கிறது. அன்று மாலை ஸ்தேவான் சார் மற்றவர்களை நிறுத்திவைத்துச் சொன்னாராம்: இனி டீச்சர் தாளில் அந்த இடம் வராது, யாரும் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அதன்பிறகு எழுதிய ஒவ்வொன்றிலும், நான் ஏறிவரும்போது அந்தச் சுரத்துக்கு முன்னால் நிறுத்தி, அதைத் தூக்கித் தாசையன் தலையில் வைத்துவிட்டார்.

மற்ற எட்டுப் பேருக்கும் தெரியும். மூன்று ஆண்டும் தெரியும். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டும் தெரியும். என்னைத் தெருவில் பார்த்து "வணக்கம் டீச்சர்" என்று சொன்னபோதெல்லாம் அது அவர்களுக்குத் தெரியும்.

நான் தாசையனிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். வேறு யாருக்கும் அப்படிச் செய்தாரா? கார்னெட்காரருக்கு மூச்சு இடம், உங்களுக்குப் பல் போயிருந்ததே, அதற்காக ஏதாவது? பொதுவான இரக்கம் என்றால் நான் வருத்தப்பட ஒன்றுமில்லை, பாருங்கள்.

"எனக்கா? எனக்கு என்னத்தெ செஞ்சாவ? முன்பல்லு ரெண்டு போயி காத்தா கழியுது, ரெண்டு நோட்டக் கொறைங்கன்னு கேட்டேன். வாயெ இறுக்கி ஊதுலே தாசையான்னுதான் சொன்னாவ." பிறகு, ஐம்பது ஆண்டாக அடைத்துக்கிடந்த ஒன்று அப்போதுதான் ஞாபகம் வந்தவர் போல் முகத்தைச் சுளித்துக்கொண்டார். "இன்னொண்ணு சொல்லுதேன் டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க. அந்த எடத்துல அடுத்த நோட்டு எனக்கு. எனக்குல்லா கை காட்டணும்? சாரு காட்டவே மாட்டாவ. நீங்க பேப்பரைப் பாத்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு இருப்பீக. அவிய உங்களைப் பாத்துக்கிட்டு நிப்பாவ. நான் குத்துமதிப்பா நுழையணும். பிந்தாம என்ன செய்யும்? கடைசியில தாசையன் எப்பவும் லேட்டுன்னு நீங்கதான் எல்லார்கிட்டயும் சொன்னீக."

நான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேர்மையாகச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது கோபம். என்னிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டாமா? பாக்கியசீலி டீச்சர், உங்களுக்கு இந்த இடம் வரவில்லை, பழகுங்கள் என்று ஒரு வார்த்தை. ஒரு வாரத்தில் பழகியிருப்பேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட நான் அப்படிப் பிழையை மூடி வைத்ததில்லை. வராத எழுத்தைச் சொல்லித் தராமல், அந்த எழுத்து வராத கதையாகப் பார்த்துக் கொடுப்பவன் என்ன ஆசிரியன்? அவர் கணக்கு வாத்தியார்; கணக்கில் இப்படிச் செய்திருப்பாரா? அதோடு, நடத்துகிறவர் ஓய்வில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்த ஊர் வழக்கம்? அடுத்து நுழைகிறவனைப் பார்க்க வேண்டும். அடிப்படை அது.

இப்படியெல்லாம் லீதியாவுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அனுப்பவில்லை. எழுதி முடித்தபோது, இந்தக் கோபத்தை யாரிடம் காட்டப்போகிறேன் என்று தோன்றிவிட்டது. உரியவர் இல்லை. இருந்தபோது நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, நிரப்பிய முப்பத்தோர் இடத்தையும் மறுபடி காலியாக்கினேன். செல்லோவுக்கு அந்தச் சுரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான்கு நாள் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் திருத்தியதை நானே அடித்தது அதுதான் முதல் தடவை. புதிய தாள்களைக் கையிலேயே எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். இறுதி ஒத்திகை நேற்றுப் பிற்பகல்.

ஒரு பள்ளிக்கூட மண்டபம். பதினான்கு பேரும் சின்ன வயதுக்காரர்கள். இரண்டாம் கிளாரினெட் நிவேதிதா என்ற பெண். முப்பது வயது இருக்கும், அபாரமான விரல். நான் நிரப்பி அனுப்பிய பழைய தாளை ஒரு மாதம் வாசித்துப் பழகியவள் ஆகையால், புதிய தாளைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டாள். "மேடம், இங்க நோட்டு விட்டுப்போச்சு, நானே எழுதிக்கிறேன்" என்றாள். விட்டுப்போகவில்லை, அங்கே ஓய்வு என்றேன். "ஏன் மேடம்? இது ஈஸியா வருமே" என்று வாசித்தும் காட்டினாள். எண்ணெய் போல் ஏறிற்று.

லீதியா மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். மூல ஆசிரியரின் விருப்பம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வண்டியிலேயே வாக்கியத்தைத் தயாரித்து வைத்திருந்தேன். வாயில் வேறு வந்தது.

"இதை வாசித்தவளுக்கு அந்தச் சுரம் வராது. அதனால் எழுதியவர் எடுத்துவிட்டார்."

"முப்பது இடத்துலயுமா? யாரு மேடம் அவங்க?"

"முப்பத்தொன்று. நான்தான்."

 லீதியா கையிலிருந்த குச்சியைத் தாளின் மேல் வைத்துவிட்டு, தன் அப்பாவின் கோழிக் கிறுக்கல் பிரதியை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். எனக்கு எழுபத்தேழு வயது அம்மா. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்கிற பிள்ளைக்கு எப்படியிருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

நிவேதிதா பேனாவை மூடினாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்க வந்து உக்காருங்க மேடம், எண்ணிக் கொடுங்க" என்றாள். தேவையில்லாத உதவி. அவளுக்கு எண்ணத் தெரியாதா? ஆனாலும் போய் உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு இரண்டாம் கிளாரினெட்டின் இடத்தில்.

முதல் உருப்படியைத் தொடங்கினார்கள். ஏறிற்று. வாசலுக்கு வந்தது. நிவேதிதா வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்தாள். நான் எண்ணவில்லை. தாளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, நடத்துகிறவரைப் பார்த்தேன்.

லீதியாவுக்கு அவள் அப்பாவின் நெற்றி. கையைத் தூக்கி நிற்கும் சாயலும் அப்படியே. அவள் இடப்பக்கம் திரும்பி, செல்லோவைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தாள். செல்லோ நூல் பிசகாமல் நுழைந்தது. அடுத்த இடத்திலும் பார்த்தேன். அதற்கடுத்த இடத்திலும். முப்பத்தோர் இடத்திலும் அந்தப் பெண் செல்லோவுக்குத்தான் கை காட்டினாள். அதுதான் முறை. நன்றாகக் கற்றிருக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒத்திகை முடிந்ததும் லீதியா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் அப்பா மாதிரி இருக்கிறது ஆன்ட்டி என்றாள். நாளைக்கு முதல் வரிசையில் நடு நாற்காலி உங்களுக்கு என்றாள். நான் அதற்குச் சரி என்றுதான் சொன்னேன். அறைக்குத் திரும்பும் வழியில்தான் யோசித்தேன். முதல் வரிசையிலிருந்து பார்த்தால் நடத்துகிறவரின் முதுகுதானே தெரியும்?

விழுப்புரம் வருகிறது போலிருக்கிறது. நீங்கள் இங்கே இறங்க வேண்டியவர் அல்லவா? பையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழை என்னிடம் கொடுத்துவிடுங்கள் அம்மா, அது ஒன்றுதான் இருக்கிறது.